குறைத்து எழுதிய ஒன்பது வருடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஊர்த் தெருமுனையில் என் முகம் தொங்குகிறது. ஆடித் திருவிழாவுக்குப் பையன்கள் வைத்த பிளக்ஸில், மாரியம்மன் காலடிக்கு வலது பக்கம், என் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த படம். 'நமது தெருவின் முதல் பொறியாளர் திருமதி செம்மொழி மனோகரன், மென்பொருள் துறை, சென்னை.' சென்னைக் கம்பெனி என்னை ஏப்ரலிலேயே வேலையை விட்டு அனுப்பிவிட்டது. இது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியும், அந்த ஆத்தாளுக்கும் தெரிந்திருக்கும். அப்பா அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

கொரோனாவிலிருந்தே தஞ்சாவூர் வீட்டில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தேன். அதனால் மறைப்பது சுலபமாக இருக்கிறது. அப்பா பஸ் ஏற்றிவிட வந்தார். ஆபீசு நல்லா போவுதா என்று கேட்டார். போவுதுப்பா என்றேன். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தேன். தெரிந்த பெண் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றும் ஒரு மறுப்பு. 'தங்கள் நீண்ட அனுபவத்தை மிகவும் மதிக்கிறோம்.' மதிச்சு என்ன பண்ண?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கன்சல்டன்சியிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டான். குரலைக் கேட்டால் மீசை முளைத்திருக்காது. பத்தொன்பது வருட அனுபவம் என்றதும், "இத்தனை வருஷத்துல மேனேஜர் ஆகலையா மேடம்?" என்றான். ஆகலைதான். ஆகச் சொன்னார்கள், நான்தான் வேண்டாமென்றேன். எனக்குப் புரோகிராம் எழுதப் பிடிக்கும். நாத்து நடுறவளப் பாத்து நீ ஏன் இன்னும் வரப்புல குடை புடிச்சு நிக்கலன்னு கேப்பானா? கேப்பான். இவன் கேப்பான்.

மேனேஜர் வேலைக்கு ஏற்கனவே மேனேஜராக இருந்தவர்கள்தான் வேண்டுமாம். எழுதுகிற வேலைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வருடத்துக்காரர்கள் போதுமாம். அதற்கு மேலே போனால் சம்பளமும் கூட, சொல்பேச்சும் கேட்க மாட்டார்களாம். இப்போது பாதியை மெஷினே எழுதிவிடுகிறது என்று ஆறுதல் வேறு சொன்னான். பேசிக்கொண்டிருக்கும்போதே டவர் போய்விட்டது. நான் திருப்பிக் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மனுஷரே இல்லாத இன்டர்வியூ. திரையில் கேள்வி வரும், கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். சேலை மாற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். முடிவில் வணக்கம் சொல்லிச் சிரித்தேன். யாரைப் பாத்து சிரிச்சேன்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று இவர்தான் பேச்சை ஆரம்பித்தார். பாலிடெக்னிக்கில் வாத்தியார், இவர் சம்பளம் ஒரு மாதம் வந்தால் ஒரு மாதம் வராது. வல்லம் ரோட்டில் இந்த வீட்டைக் கட்டியது என் சம்பளத்தை நம்பித்தான். எவ்வளவு நாள் இப்படியே ஓட்டுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வருடத்தைக் குறைத்து எழுது என்றார். நான் முறைத்தேன்.

"என்கிட்ட படிச்ச பசங்க வேலை பாக்காத மூணு வருஷத்தைப் பாத்ததா எழுதி வேலை வாங்குறானுங்க. நீ பாத்ததைக் குறைச்சு எழுதப்போற. இதுல என்ன பாவம் செம்மொழி?"

பாவமில்லைதான். முதல் கம்பெனியை அப்படியே தூக்கினேன். ஒன்பது வருடம். காலேஜ் முடித்த வருடத்தையும் எடுத்தேன், இல்லாவிட்டால் கணக்குப் போட்டுவிடுவார்கள். பத்தொன்பது பத்தாகிவிட்டது. ரெஸ்யூமே ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

அந்த ஒன்பது வருடத்தில்தான் வங்கிக் கடன் புரோகிராமை முதல் வரியிலிருந்து எழுதினோம். அந்தச் சம்பளத்தில்தான் ஊரில் கூரை போய் கான்கிரீட் வந்தது. சுவேதா பிறந்ததும் அப்போதுதான். மூன்று மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறினேன். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாய் வலிக்கும். ஆபீஸ் பாத்ரூமில் பீய்ச்சி விட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து எழுதுவேன். எல்லாவற்றையும் ஒரு பட்டனில் அழித்தேன். அப்புறம் எழுந்து போய் இட்லிக்கு மாவு ஆட்டினேன்.

செப்டம்பர் 10, புதன்

போன் வருகிறது. இந்த வாரத்தில் மட்டும் மூன்று கம்பெனி. எல்லோருக்கும் என் ரெஸ்யூமே பிடித்திருக்கிறது. நறுக்கென்று இருக்கிறதாம். சந்தோஷப்படணும். வயிறுதான் எரியுது. முழுசா இருந்தப்ப ஒருத்தன் எட்டிப் பாக்கலையே!

செப்டம்பர் 22, திங்கள்

அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார், பை நிறைய கத்தரிக்காயோடு. பட்டப்பகலில் நான் ஸ்டூல் மேல் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். ஆபீசு லீவா என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும் என்று கீழே இறங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வேலை போனதற்கு அவர் அசரவில்லை. போனா இன்னொண்ணு, இதுக்குப் போயா ஒளிச்சு வெச்ச என்றார். ஒன்பது வருடத்தை எடுத்துவிட்டேன் என்றதும்தான் முகம் மாறியது. சின்ன வயதில் பண்ணையாளாக இருந்தவர். அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவே மாட்டார். இன்று எடுத்தார்.

"நான் பண்ணையில கெடந்தேனே, அந்த வருசத்தை எவன் எண்ணுனான்? எண்ணுற எடமாப் பாத்து ஒன்னை அனுப்புனேன். எண்ணுனதை நீயே அழிச்சுட்டு வந்து நிக்கிற."

"அப்ப நீங்களே வந்து இன்டர்வியூ குடுங்க."

சொல்லிட்டேன். இந்த வாய் இருக்கே. சாப்பிடாமல் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த இவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போயும் ஏறவில்லையாம்.

அக்டோபர் 3, வெள்ளி

மூன்று கம்பெனியும் கையை விரித்துவிட்டது. ஒருவர் ஆளெடுப்பையே நிறுத்திவிட்டார்களாம் என்றார். மற்ற இருவரும் அதைக்கூடச் சொல்லவில்லை.

சுவேதா டியூஷனை நிறுத்திவிட்டாள். நாங்கள் கேட்கவில்லை, அவளாகவே. எனக்கே புரியுதும்மா, வேண்டாம் என்றாள். கணக்கில் அவள் தடுமாறுகிறாள் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளை பெரிய மனுஷி மாதிரி பேசினால் எரிச்சலாக வருகிறது. அவள் மேல் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஒரு தனியார் காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேல்படிப்பு இல்லாமல் முடியாது என்றார்கள். வெளியே வந்து நடந்தேன். புது ஆற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. சும்மாதான் நின்றேன். என்னென்னவோ தோன்றியது, எழுத வேண்டாம். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் நிறுத்தி, "வாங்கக்கா, போலாம்" என்றார். ஏறிக்கொண்டேன்.

அக்டோபர் 15, புதன்

இன்டர்வியூ. திரையில் இர்ஃபானா என்று ஒரு பெண், அந்த டீமின் மேனேஜர். முப்பது வயது இருக்கலாம். பேச்சைக் கேட்டதுமே நம்ம பக்கம் என்று தெரிந்தது. அய்யம்பேட்டையாம். நன்றாகவே போனது. கடன் கணக்கில் வட்டி ஒத்துவராவிட்டால் எங்கிருந்து தேடுவீர்கள் என்று கேட்டாள்.

எத்தனை மாதமாயிற்று என்னிடம் இப்படி ஒருவர் கேள்வி கேட்டு! குஷி வந்துவிட்டது. விவசாயக் கடனில் அறுவடை தள்ளிப்போய் தவணை மாறும்போது வட்டி இரண்டு தடவை ஏறியதையும், அது எங்கே ஒளிந்திருந்தது என்பதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவளும் ரசித்துக் கேட்டாள். இது எப்ப நடந்தது என்றாள். ரெண்டாயிரத்து ஒம்போதுல என்றேன்.

அவள் கண் கீழே இறங்கி ரெஸ்யூமேயில் நின்றது. அதன்படி நான் வேலைக்குச் சேர்ந்ததே இரண்டாயிரத்துப் பதினைந்தில்தான். நன்றி சொல்லி முடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 16, வியாழன்

அறிவு கெட்டவளே. அறிவு கெட்டவளே.

அக்டோபர் 18, சனி

இர்ஃபானா சொந்த நம்பரிலிருந்து கூப்பிட்டாள். மேடம் போய் அக்கா ஆகியிருந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை, அவளுக்கு நான் வேண்டும். ஆனால் நான் ஒப்புக்கொண்ட பத்தொன்பது வருடத்தை அப்படியே போட்டால் மேலே விட மாட்டார்கள். பத்து என்றே இருக்கட்டும் என்றாள். பழைய கம்பெனியில் விசாரிப்பதெல்லாம் கடைசிக் கம்பெனியோடு நின்றுவிடுமாம். ஒரே ஒரு சிக்கல் என் வயது. நாற்பத்தொன்றில் பத்து வருடம்தானா, அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று ஹெச்.ஆரில் கேட்பார்கள்.

"கல்யாணம், கொழந்தைன்னு வீட்லயே இருந்துட்டேன்னு சொல்லிருங்கக்கா. அதுக்கு மேல யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தனக்கும் கைக்குழந்தை இருக்கிறது, லீவு முடிந்து வந்ததிலிருந்து தன்னையும் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வீட்டுல இருந்தேனா? நானா? இவரிடம் சொன்னேன். உன் இஷ்டம் என்றார். அப்படிச் சொன்னால் வேறு வழியில்லை என்று அர்த்தம்.

அக்டோபர் 20, திங்கள் – தீபாவளி

ஊருக்குப் போனோம். விட்டுவிட்டு மழை. அப்பாவின் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஈரம் காய்ந்தால்தான் எடை. அவர் அங்கேயே காவல் இருந்தார். தூக்குவாளியில் கறிக்குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு போனேன். சாப்பிட்டார். மாப்ள வந்திருக்காரா என்று கேட்டார், புள்ள படிக்கிதா என்று கேட்டார். வேலையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிளம்பும்போது, நனையாம போ என்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

ஹெச்.ஆர். பெண் போனில் கேட்டாள். சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டில்தான் இருந்தேன், பொண்ணு கொஞ்சம் வளர்ந்த பிறகு வேலைக்கு வந்தேன் என்று. இவ்வளவு சரளமாக வரும் என்று நினைக்கவில்லை. ரொம்ப நல்ல விஷயம் மேடம், எங்கம்மாவும் அப்படித்தான் என்று அந்தப் பெண் உருகினாள்.

திரும்பினால் சுவேதா நிற்கிறாள், சாப்பிட்ட தட்டோடு. ஸ்கூல் சேரும் வரைக்கும் அம்மாச்சி வீட்டில் வளர்ந்தவள்.

"பொண்ணு வளந்தப்புறமா? என் காதுகுத்துக்கே நீ மத்தியானம் வந்துட்டு சாயங்காலம் பஸ் ஏறிட்டன்னு அம்மாச்சி சொல்லும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேலைக்காகச் சொன்னது பாப்பா என்றேன். தெரியுதும்மா என்று தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவள விட்டுட்டுப் போனதுக்கும் வேலைன்னுதானே காரணம் சொன்னேன். இப்ப போகவே இல்லைன்னு சொல்றதுக்கும் அதே காரணமா? அந்தப் புள்ளைக்கு நான் என்ன மிச்சம் வெச்சிருக்கேன்? அழுகையா வருது.

நவம்பர் 3, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு உண்டான வேலை, பத்து வருடத்துக்கு உண்டான சம்பளம். இவர் ஸ்வீட் கடைக்கு ஓடினார். அம்மா காளியம்மாள் போனிலேயே குலவை போடாத குறை. அப்பா வாங்கிப் பேசினார். நெல் எடை போட்டாகிவிட்டதாம். பிறகு பக்கத்தில் யாரிடமோ பெருமையாகச் சொல்வது கேட்டது. "பத்தொம்போது வருச சர்வீசு. விட்டுருவானா?"

என்னிடம், "எல்லா வருசத்தையும் எடுத்துக்கிட்டானுவளா?" என்றார்.

எடுத்துக்கிட்டாங்கப்பா என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

முதல் நாள். லேப்டாப் கூரியரில் வந்தது. டீமில் ஏழு பேர், எல்லோரும் சின்னப் பிள்ளைகள். லீட் பெயர் ராகுல். மரியாதையான பையன். சுவேதா மறுபடி டியூஷன் போக ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 13, வியாழன்

வந்த வேலை என்னவென்று இன்றுதான் தெரிந்தது. ஒரு வங்கியின் பழைய கடன் சிஸ்டத்தைப் புதிதாக மாற்ற வேண்டும். ராகுல் திரையில் திறந்து காட்டினான். நாங்கள் எழுதியது இல்லை. வேறு யாரோ எழுதியது. ஆனால் அந்தக் காலத்து எழுத்து, அதே பாணி.

"இது ரொம்பப் பழசு மேடம். அப்ப நீங்க ஃபீல்டுலயே இல்லன்னு இர்ஃபானா சொன்னாங்க. நான் பொறுமையா சொல்றேன்" என்று முதலிலிருந்து விளக்கினான். வட்டி ஏறும் இடத்தைத் தப்பாகச் சொன்னான். தலையாட்டிக்கொண்டேன். இர்ஃபானாவும் அந்த வீடியோ காலில்தான் இருந்தாள், கேமராவை அணைத்துவிட்டு.

இந்த மாதிரி முன்னாடி எங்கயாவது பாத்திருக்கீங்களா மேடம் என்று கடைசியில் கேட்டான்.

"இல்ல ராகுல். அப்ப நான் வீட்ல சும்மாதான் இருந்தேன்."