நாற்பத்தொன்றில் நின்ற பட்டியல்

சங்கரன்கோவில்,
19-12-1988

அம்பலவாணனுக்குச் சங்கரபாண்டி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. மெட்ராஸ் ஆபீசுக்கு மூன்று முறை டிரங்க் கால் போட்டும் நீ பேச வரவில்லை. அதனால் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். உன் மனைவி பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

நம் மில்லில் நிரந்தரம் ஆக்கவேண்டிய அறுபத்து நான்கு பேரின் பட்டியலைப் பன்னிரண்டாம் தேதி கம்ப்யூட்டரிலிருந்து டெலிபோன் கம்பியில், மோடம் வழியாக அனுப்பினேன். அது முழுசாய்ப் போய்ச் சேர நாலு நிமிஷம் வேண்டும். டிரங்க் காலை ஆறு நிமிஷத்துக்குப் பதிந்திருந்தேன். இரண்டரை நிமிஷத்தில் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற கோமதித்தாய் லைனை வெட்டிவிட்டாள். கெட்ட எண்ணம் இல்லை. "ரெண்டு பக்கமும் பேச்சே இல்ல அண்ணாச்சி, ஒரே கீச்சுச் சத்தம். லைன் கெட்டுப்போச்சுன்னு வெட்டிட்டேன். நல்ல லைனாப் போட்டுத் தாரேன்" என்றாள்.

அந்த நல்ல லைனில்தான் உன்னிடம் கேட்டேன், முழுசும் வந்ததா என்று. "வந்துட்டு வே, போனை வையும். முதலாளி காத்துக்கிட்டு இருக்காரு" என்றாய்.

நான் எந்தப் பட்டியலையும் 'ஆக மொத்தம்' போடாமல் முடித்ததில்லை. அதற்காக என்னைக் கணக்கப்பிள்ளை என்று கேலி பேசியவன் நீ. உன் கையில் இருந்த தாளில் அந்த வரி இருந்ததா? ஆங்கில எழுத்து வரிசையில் 'கே'யோடு அறுந்துபோன நாற்பத்தொரு பெயரைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாய். அத்தனை பேருக்கு மட்டும் உத்தரவு வந்திருக்கிறது.

பாளையங்கோட்டையில் படித்தபோதும் வருகைப் பதிவில் முதல் பெயர் உன்னுடையது. என் பெயரை வாசிக்கும்போது நீ வகுப்பில் இருந்ததில்லை. சங்கரபாண்டிக்கு ஊரை விட்டு வர மனசில்லை என்று நீயாக முதலாளியிடம் சொல்லித்தான் அந்த மெட்ராஸ் நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் பதினொரு வருஷமாகத் தற்காலிகக் கிளார்க். அதைக் கேட்க இதை எழுதவில்லை.

மாடத்திக்கு நூல் சுற்றும் பிரிவில் பதினேழு வருஷம். உத்தரவு வந்த காந்திமதியம்மாளுக்குப் பக்கத்து மிஷின். நேற்று என் மேஜை முன்னால் வந்து நின்று, "அவ பேரு போன கம்பியிலதான எம் பேரும் போச்சு? எங்கன விழுந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்டாள். மோடத்தைக் காட்டினேன். உன்னைக் காட்ட முடியாதே.

ஜனவரி ஒன்று முதல் உத்தரவில் பெயர் இல்லாதவர்களை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிடுவான். விட்டுப்போன பெயர்களைக் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதிக்குள் கொண்டுபோய்க் கொடு. அறுந்ததைக் கவனிக்காமல் தந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். உன் வேலை ஒன்றும் போய்விடாது.

பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

'எஸ்'ஸில் என் பெயரும் வருகிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று நினைத்தால் அதன்மேல் ஒரு கோடு போட்டுவிடு. அப்படிப் போட்டால் கீழே உள்ள மொத்தத்தையும் மறக்காமல் திருத்து.

இப்படிக்கு,
சங்கரபாண்டி

இணைப்பு: பட்டியல் ஒன்று. ஆக மொத்தம் 23.