சிறுமூளையில் பார்த்தாயா?

நேற்று விஜயதசமி. நான் பௌதி என்று கூப்பிடும் எதிர் ஃபிளாட் அண்ணி, காலுக்குப் பூசிக்கொள்ளும் ஆல்தா சீசாவைத் தட்டிவிட்டாள். மொசைக் தரையில் சிவப்பு ஓடிப் பரவியது. துடைக்கத் துணியோடு போன நான் குனிந்தபடியே நின்றுவிட்டேன். அது வெறும் சிவப்பு இல்லை, ஓரத்தில் கொஞ்சம் நீலம் தட்டிய சிவப்பு. நம் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் நாம் இரண்டு பேரும் பார்த்த அதே நிறம். "கீ ஹொலோ திதி?" என்று பௌதி பதறிப்போனாள். என்ன ஆச்சு அக்கா என்று கேட்டால் நான் எங்கே சொல்வது? நீ போய் இருபத்தேழு நாள் ஆகிறது. அதுவரை ஒரு சொட்டுக்கூட அழாதவள், அடுத்த வீட்டு வாசலில் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். சால்ட் லேக்கில் எங்கள் பிளாக் முழுக்க இப்போது இதுதான் பேச்சு.

உனக்கு என்மேல் முதல் நாளே சிரிப்பு. கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்தில் பிறந்து வளர்ந்த என் தமிழில் பாதி பெங்காலி. உன் வீட்டுக்காரருக்குக் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்கு மாற்றலாகி, நீ திருநெல்வேலியிலிருந்து நேராக வந்து இறங்கியிருந்தாய். நகரத்து மாடுகளுக்கு வரும் நரம்பு நோய்களைப் பற்றி எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. அதில் வேலைக்குச் சேர்ந்தாய். வந்த அன்றைக்கே என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டாய். திட்டுகிறாய் என்று நினைத்து ஒரு வாரம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அது உங்கள் ஊர்ச் செல்லம் என்று தெரிந்து, அந்த வார்த்தை கேட்காத நாள் எனக்கு நாளாகவே படவில்லை.

நீ உயிரோடு இருக்கும் மாட்டைப் பார்ப்பாய், நான் செத்ததைப் பார்ப்பேன். இப்படித்தான் வேலை பிரிந்திருந்தது. எனக்கு அப்போது நாய் மூளைதான் அன்றாடப் பாடு. யாரையாவது கடித்துவிட்டுச் செத்த நாயின் தலை சாக்கில் வரும். உதவியாளர் ஹரி அண்ணன் மண்டையைத் திறந்து கொடுப்பார். ஹிப்போகேம்பஸ் என்கிற மடிப்பிலிருந்து துளி எடுத்து ஸ்லைடில் தேய்த்து, சாயம் போட்டு, நரம்புச் செல்லுக்குள் வெறிநோயின் அடையாளமான சிவப்புத் துகள் இருக்கிறதா என்று தேடுவேன். என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்குத் தலைக்கனம் உண்டு. இருந்தது என்று சொல்லவேண்டும்.

அந்தப் பசு கிடர்பூர் டாக்குக்குப் பின்னாலிருந்த ஒரு கட்டாலில் நின்றது. இருபது முப்பது மாடுகளை நெருக்கிக் கட்டிப் பால் கறந்து விற்கும் கொட்டகைக்கு இங்கே அதுதான் பெயர். மாடு விழுங்க முடியாமல் எச்சில் வடித்துக்கொண்டு நிற்கிறது என்று உன்னைக் கூப்பிட்டார்கள். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்து, வெறும் கையை அதன் வாய்க்குள் விட்டுத் துழாவினாய். மாட்டு டாக்டர்கள் படித்துப் படித்துச் சொல்லியும் செய்கிற தப்பு இது. கண்ணெதிரே மாடு திணறும்போது புத்தகம் யாருக்கு ஞாபகம் வரும்? உன் ஆள்காட்டி விரலில் அரிவாள்மணை கீறின புண் ஆறாமல் இருந்தது. கட்டால்காரரின் மனைவியும் உனக்கு முன்னாலேயே வெல்ல உருண்டையை அதன் தொண்டைக்குள் கையாலேயே தள்ளிப் பார்த்திருந்தாள்.

மறுநாள் மாடு குரல் கம்மிப்போய்க் கத்தத் தொடங்கியது. அதைக் கேட்டதுமே இது வெறிநோயாக இருக்கும் என்று உனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் நாள் செத்தது. தலையை நீயே டாக்சியில் போட்டுக்கொண்டு வந்தாய். குழாயடியில் விரலைச் சோப்பு நுரையில் அமுக்கிப் பிடித்தபடிதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாய். உனக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது.

தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிதான் அப்போது எல்லா இடத்திலும். கையில் போடும் புது ஊசியைத் தேடி உன் வீட்டுக்காரர் நகரம் முழுக்க அலைந்து வாங்கி வந்தார். முதல் ஊசியை மாடு கத்திய அன்றைக்கே போட்டுக்கொண்டுவிட்டாய். கர்ப்பிணிக்குப் போடலாம், பயமில்லை என்றார் டாக்டர். உன் மாமியார் டிரங்க் காலில் அழுதார், இந்தக் குழந்தையும் போய்விடும் என்று. மாட்டு மூளையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் ஊசியை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் முடிவானது. கட்டால்காரர் வீட்டிலோ ஒருவரும் ஊசிக்கு அசையவில்லை. வயிற்றில் அத்தனை ஊசியா, வெறிநோய்தான் என்று முதலில் நிச்சயமாகச் சொல்லுங்கள் என்றார்கள். ஆகமொத்தம் எல்லோரும் என் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். நான் ஸ்லைடு மாற்றி ஸ்லைடு பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எவ்வளவு ஆசையோடு பார்த்தேன் தெரியுமா, அது சுத்தமாக இருக்கவேண்டும் என்று. "ஒண்ணும் இல்லைடி, போய் நன்னாத் தூங்கு" என்றேன். நீ முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாய். வெராண்டாவில் பால் கேனோடு காத்திருந்த கட்டால்காரரிடமும் போய், பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு ஒரே பெருமை. உனக்கும் எனக்கும் டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நீ அழுகையை நிறுத்தியிருந்தாய். தட்டில் இருந்த மூளையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏட்டி, எங்கேருந்து எடுத்த?"

ஹிப்போகேம்பஸ், வேறு எங்கே என்றேன்.

"அது நாய்க்கு. பசுவுக்குச் சிறுமூளைல பாத்தியா?"

கையிலிருந்த டீயை மேஜையில் வைத்தேன். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. மாட்டுக்கு அந்தத் துகள் சிறுமூளையின் பெரிய நரம்புச் செல்களில்தான் அதிகம் இருக்கும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன், மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். வருஷக்கணக்காக நாய் மூளையையே நோண்டின கை, தன் பாட்டுக்கு அங்கேயே போய்விட்டது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "இல்லேன்னு சொன்னா சந்தோஷமா எழுந்து போயேன்டி, ஏன் தோண்டறே?" என்று கத்தினேன்.

நீ குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு ஒரு ஊசியாவது போட்டாச்சு. வெல்லம் குடுத்தாளே, அந்தப் பொம்பளைக்கு யாரு போடுவா?"

நான் இன்றுவரை பிரமித்துப்போய் நிற்பது இந்த இடத்தில்தான். மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டு, "இல்லை" என்ற பதிலைக் கையில் வாங்கிவிட்டு, அதை நீயே திருப்பிக் கொடுத்தாய். நானாக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன்.

சிறுமூளையிலிருந்து எடுத்த முதல் ஸ்லைடிலேயே இருந்தது. நீலமாகச் சாயம் ஏறிய பெரிய செல், அதற்குள் ஒரு செந்துகள், அதற்கும் உள்ளே கடுகைவிடச் சின்னதாகக் கருநீலப் புள்ளிகள். பக்கத்துச் செல்லில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு. எழுந்து உனக்கு இடம் விட்டேன். நீ கண்ணை வைத்தாய். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. ஒரு கை ஃபோகஸைத் திருப்ப, இன்னொரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"எவ்வளவு அழகா இருக்கு பாருட்டி" என்றாய்.

உன்னையே கொன்றிருக்கக்கூடியதை அப்படிச் சொன்னாய். நீ பயப்படாமல் இல்லை. ஆனாலும் அது அழகாகத்தான் இருந்தது. ஒரு மாட்டைக் கத்தக் கத்தச் சாகடிக்கிற வியாதி இவ்வளவு சின்னதாக, இவ்வளவு சுத்தமான வட்டமாக உட்கார்ந்திருக்கிறதே என்று நானும் வாயைப் பிளந்தேன். அதற்கப்புறம் எத்தனையோ ஸ்லைடு பார்த்துவிட்டேன். அந்த ஆச்சரியம் குறையவில்லை.

அன்று மத்தியானமே இருவரும் கிடர்பூர் போனோம். கட்டால்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் இந்த டாக்டர் திதிதானே ஒன்றுமில்லை என்றார் என்று என்னைக் கைகாட்டினார். எனக்குத் தலை நிமிரவில்லை. நீ ஒரு நொடிகூட யோசிக்காமல், முதல் பரிசோதனை எப்போதும் பாதிதான், இரண்டாவதில்தான் நிச்சயமாகும், எங்கள் வழக்கமே அது என்று உன் ஓட்டை இந்தியில் அளந்துவிட்டாய். அப்படி ஒரு வழக்கம் உலகத்திலேயே கிடையாது. பிறகு அந்த மனைவியிடம் போய், ரவிக்கைக் கையைத் தூக்கி ஊசி போட்ட இடத்தைக் காட்டினாய். அவள் கையைப் பிடித்து உன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாய். அவள் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, புருஷனைக் கேட்காமலேயே செருப்பை மாட்டினாள். அவள் ஊசிக்குக் கிளம்பினதும் மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குளிர்காலத்தில் உனக்குப் பெண் பிறந்தாள். கட்டால்காரர் மனைவி ஒரு தூக்கு நிறையப் பாலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, குழந்தையின் நெற்றியில் தன் கையாலேயே மைப்பொட்டு வைத்தாள்.

நீ திருச்சிக்கு மாற்றலாகிப் போனாய். இங்கே கட்டால்களை நகரத்துக்கு வெளியே போகச் சொன்னார்கள். ஆய்வகத்துக்கு அந்தத் துகளைப் பச்சையாக ஒளிரவைத்துப் பார்க்கும் கருவியும் வந்தது. எது வந்தாலும், "இல்லை" என்று எழுதப் போகிற நேரத்தில் என் பேனா நின்றுவிடும். எங்கே பார்த்தேன், எங்கே பார்க்காமல் விட்டேன் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வேன். கேட்பது உன் குரல்தான், ஏட்டி என்று ஆரம்பிக்கும். அதனால் என் கீழே வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் நான் ஒரு சந்தேகப் பிராணி. இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ போன செய்தியை உன் மகள்தான் ஃபோனில் சொன்னாள். இப்போது காலேஜ் முதல் வருஷமாம். அழுது முடித்துவிட்டு, "அம்மா உங்களப் பத்திச் சொல்லாத நாளே இல்ல ஆன்ட்டி" என்றாள். "எல்லாரும் ஒண்ணுமில்லன்னு விட்ட மூளையில நீங்க மட்டும் விடாமத் தேடிக் கண்டுபுடிச்சீங்களாமே. கல்கத்தாவுல ஒருத்தி கண்ணாலதான் நாம ரெண்டு பேரும் இருக்கோம்பாங்க."

இத்தனை வருஷமாக இப்படியா சொல்லி வளர்த்தாய் அவளை? கட்டாலில் சொன்ன பொய் ஒரு அவசரத்துக்கு. இதற்கு என்ன அவசரம்? அவளிடம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.

உனக்கு எழுதிய இதை மடித்து அவள் முகவரிக்குத்தான் போடப் போகிறேன். ஒன்றுமில்லை என்று விட்ட அந்த "எல்லாரும்" நான் ஒருத்திதான் என்று அவள் படிக்கட்டும். விடாமல் தேடச் சொன்னது யார் என்றும் படிக்கட்டும். கோபித்துக்கொள்ளாதே.