நிலம் உண்டு என்று எழுதினேன், அக்கா

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகப்போகிறது. உனக்கு வாசிக்கத் தெரியாது. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்த கிராம முன்சீப்பு, கூடப்பிறந்தவளுக்கு ஒரு வரி எழுதாமலே காலத்தைக் கழித்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். வேறு யாராவது வாசித்தாலும் வாசிக்கட்டும். நாலு பேர் காதில் விழ வேண்டிய விஷயம்தான் இது.

முதலில் ஊர்ச் சேதி. இப்போது ஹைஸ்கூலில் பிள்ளைகள் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. சின்னப் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறும் போடுகிறார்கள். நீ அன்று ஒரு பிள்ளைக்காக நடையாய் நடந்தது, இன்று எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கிறது. இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாயா, அழுவாயா?

நம் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் வாந்திபேதியில் ஒரே வாரத்தில் போனபோது அவர்கள் மகள் கனிக்கு நாலு வயது. தாலியறுத்து, பிள்ளை குட்டி இல்லாமல், பிறந்த ஊரில் தனியாக இருந்த நீதான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தாய். என் வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கிறது என்று நான் சொன்னேன். நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

கனி எட்டாவது முடித்த வருஷம், அவளுடைய டீச்சர் உன்னைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைச் சொந்தக்காரர் வளர்த்தால், ஹைஸ்கூல் சம்பளத்தைச் சர்க்கார் தள்ளுபடி செய்யும், விருதுநகரில் விடுதியிலும் இடம் தரும். வளர்ப்பவருக்கு வேறு பிழைப்பு ஆதாரம் இல்லை என்று முன்சீப்பு எழுதித் தந்தால் போதும்.

"ஏலே, ஒரு கையெழுத்துக்கு ஊரே ஒங்கிட்ட வந்து காத்துக் கெடக்கு. எனக்குப் பாரு, கூடப்பெறந்தவன் கையிலயே இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாய். நான் எழுதியதை வாசிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. "நீ எழுதுனாச் சரியாத்தாம்லே இருக்கும்" என்றாய்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'மனுதாரர் பெயரில் மூன்று ஏக்கர் புஞ்சை உண்டு.'

பொய் இல்லை அக்கா. நீ தாலியறுத்து வந்த வருஷம் அப்பா உன் பேருக்கு எழுதிவைத்த கரிசல்தானே அது. பட்டாவில் உன் பேர்தான் இருந்தது. ஆனால் அதை உழுதது நான், பருத்தி எடுத்தது நான், விற்றது நான். முதல் இரண்டு வருஷம் உனக்குக் கம்பு மூட்டை வந்தது. அப்புறம் அரை மூட்டை. அப்புறம் மழை இல்லை என்றேன். தம்பியிடம் போய் "என் நிலத்து வெள்ளாமை எங்கே" என்று கேட்கிற பெண் நம் ஊரில் உண்டா? கேட்டால் பிறந்த வீடு இல்லாமல் போய்விடும். நீயும் கேட்கவில்லை, அதை நான் வசதியாக எடுத்துக்கொண்டேன்.

விளைச்சல் உனக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கலாம். எழுதினால், யாருக்குப் போகிறது என்று தாலுகா ஆபீசில் கேட்பார்கள். அதற்குப் பயந்தேன். ஆனால் வெளியே, சொந்த அக்கா என்பதற்காக நான் கூட்டிக் குறைத்து எழுதுகிறவன் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். முன்சீப்பு நேர்மையான ஆள் என்று ஊரும் மெச்சியது. நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஆதாரம் இருப்பதால் சலுகை இல்லை என்று பதில் வந்தது. உனக்கு வாசித்துக் காட்டியவனும் நான்தான். காரணத்தை விட்டுவிட்டு, "சர்க்கார்ல இல்லன்னுட்டாங்கக்கா" என்றேன். நீ சர்க்காரை வாய்க்கு வந்தபடி வைதாய். நானும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை வைதேன். என் வாய் கூசவில்லை.

பிறகு நீ கனியைக் கூட்டிக்கொண்டு அச்சங்குளத்துக்குப் பட்டாசு வேலை செய்து பிழைக்கப் போனாய். ஒருமுறை பார்க்க வந்தேன். நீ திரி நறுக்கிக்கொண்டிருந்தாய். கனி காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். "சீசன் நேரம்லே, எந்திரிக்க முடியாது. அங்கன பானையில தண்ணி இருக்கு, மோந்து குடி" என்றாய். கனி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் கனி என் வீட்டுக்கு வந்தாள் அக்கா. தாயில்பட்டியில் பட்டாசு மருந்து அறையில் பிடித்த தீயில் அவளுடைய நாத்தனார் செத்துப்போனாள். அந்த நாத்தனாரின் புருஷன் முன்னமே இல்லை. நாத்தனார் மகளைக் கனிதான் வைத்து வளர்க்கிறாள். இப்போதும் விடுதியில் இடம் வேண்டுமென்றால் முன்சீப்பின் சான்று கேட்கிறார்கள். கனி இப்போது நம் ஊரில்தான் இருக்கிறாள், அவள் புருஷன் இந்தப் பக்கத்து லாரியில் லோடு ஏற்றுகிறான்.

எழுதி நீட்டினேன். வாங்கவில்லை. "வாசிங்க மாமா, கேக்குறேன்" என்றாள்.

"ஒனக்கு வாசிக்கத் தெரியுமே ஆத்தா?"

"தெரியும். அன்னைக்கு நீங்க எழுதுனதையும் வாசிச்சேன். நான்தான விருதுநகருக்குக் கொண்டு போனேன். கவர் ஒட்டாம இருந்துச்சு."

"பெரியம்மாகிட்டச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்ல மாமா? அவுகளுக்குப் பெறந்த வீடுன்னு இருந்தது நீங்க ஒருத்தருதான். படிப்புப் போனாப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பதின்மூன்று வயதுப் பிள்ளை, அக்கா. ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து, உனக்காக இந்தத் தம்பியைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். நான் உனக்குத் தம்பியாக இருந்தது அவள் விட்டுக்கொடுத்ததால்தான்.

எழுதியதை வாசித்தேன். நிலத்தை அவள் பேருக்கே மாற்றித் தருகிறேன் என்றேன். அவள் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அத நீங்க பெரியம்மாகிட்டப் பேசிக்கிடுங்க. அவுக நெலம்தான" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதனால்தான் உன்னிடம் பேசுகிறேன். உன் நிலத்தில் இந்த வருஷப் பருத்தி வெடித்து நிற்கிறது. அதை நான் தொட மாட்டேன். பட்டாவைக் கனி பேருக்கு மாற்ற மனு எழுதிவிட்டேன். இத்தனை வருஷம் உழுது தின்றவன் நான் என்று அதிலேயே எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். நாளைக் காலை சாவடியில், எல்லாரும் இருக்கும்போது அதைச் சத்தமாக வாசிப்பேன். முதல் தடவையாக, ஒரு வரியும் விடாமல்.

உன் பிறந்த வீடாக இருக்கத் தெரியாத,
உன் தம்பி