‘முறையாக’ என்ற ஒரு சொல்

மார்ச் 3, 2011
நடை நாற்பது நிமிடம். கஞ்சி. மாத்திரை.
அந்நாளில் சீனர் இந்நாட்டில் குடியேறத் தடை போட்ட சட்டத்தை ஆதரித்ததற்காக எங்கள் நகர்மன்றம் மன்னிப்புக் கேட்கப்போகிறது. மகள் ஐரிஸ் தீர்மான வரைவை அச்செடுத்துக் கொடுத்தாள். இரண்டு முறை படித்தேன். மனம் இலேசானது.

மார்ச் 9
உறுப்பினர் டன்லப் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். ‘முறையாக வந்த சீனர்களிடம்’ மட்டும் மன்னிப்பாம். “பொய்க் காகிதம் காட்டி நுழைஞ்சவன்கிட்டயும் மன்னிப்பு கேக்கணுமா?” என்று பேட்டி வேறு. நாற்பது வருடம் நில வரைபடம் தீட்டியவன் நான். ஒரு கோடு எவ்வளவு நிலத்தை வெட்டி எறியும் என்று தெரியும்.

மார்ச் 10
நேற்றைய கோபம் இன்னும் இருக்கிறது. எழுதினால் அடங்கலாம்.
முறையான வழி எங்கே இருந்தது? கூலிக்காரன் பிள்ளைக்குக் கதவு மூடியிருந்தது. இந்நாட்டுக் குடிமகனின் பிள்ளை மட்டும் கரையிறங்கலாம். அப்பா, லூயி என்ற ஒரு குடிமகனின் மகனுக்கான காகிதத்தை வாங்கினார். பத்து வயதில் மார் சுன் வா என்ற நான், ஹென்றி லூயி ஆனேன். விசாரணையில் கேட்பார்கள் என்று, கப்பல் பயணம் முழுக்க லூயி வீட்டு விவரம் மனப்பாடம்: அரிசிப் பானை எந்த மூலை? வாசலிலிருந்து கிணறு எத்தனை எட்டு?
குடியேற வருவோரைத் தடுத்துவைக்கும் தீவில் விசாரணை. கிணற்றுக்கு “முப்பத்தொன்று” என்று வாய் தவறிச் சொன்னேன். அது என் சொந்த வீட்டுக் கணக்கு. காகித வீட்டில் பத்தொன்பது. நான் சொன்ன ஒரே உண்மைக்கு ஏழு வாரம் கம்பிக்குள். பிறகு பத்தொன்பது என்றேன், விட்டார்கள்.
பொய் சொல்ல வெச்சது யாரு? பத்து வயசுப் பிள்ளை வேற என்னய்யா பண்ணும்?

மார்ச் 12
சீனர் சங்கத்தில் மாஜாங் ஆட்டம். மன்றத்தில் பேசலாமா என்று யீ அண்ணனைக் கேட்டேன். அவரும் என்னைப் போலக் காகிதப் பிள்ளைதான்.
“லூயியாப் பேசுனா மன்னிப்பு உனக்கும் உண்டு. மாராப் பேசுனா கிடையாது. நல்ல சட்டம்ப்பா.”
“நாடு கடத்திட்டா, அண்ணே?”
“எண்பத்து மூணு வயசுல எந்தக் கப்பல்ல? எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லு.”
எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐரிசுக்கே தெரியாதே. அவள் அம்மாவின் கல்லறையில் குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் லூயி, சீனத்தில் மார். அவளுக்குச் சீனம் படிக்க வராது.

மார்ச் 14
ஐரிசிடம் சொல்லிவிட்டேன். “அப்ப நான் யாருப்பா?” என்றாள். கோபமாகப் போனவள் வாசலில் திரும்பி, “அந்தப் பேரை எப்படி எழுதணும்?” என்றாள்.

மார்ச் 15
நகர்மன்றக் கூட்டம். பேசுவோர் சீட்டில் பெயர், முகவரி. பேனா இரண்டு முறை நின்றது. மார் சுன் வா என்றே எழுதினேன்.
கிணற்றின் இரண்டு கணக்கையும் சொன்னேன். “இதுல எது முறைன்னு நீங்களே சொல்லுங்கய்யா.” டன்லப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
வாக்கு நான்குக்கு மூன்று. ‘முறையாக’ தீர்மானத்தில் அப்படியே இருந்துவிட்டது.

மார்ச் 16
வெட்கக்கேடு. எனக்கல்ல.

மார்ச் 28
பேசியவர்களுக்குத் தீர்மான நகல் அனுப்புகிறார்கள். தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“மார் சுன் வா. இந்தப் பேர்ல இங்க யாராவது இருக்காங்களா, மிஸ்டர் லூயி?”
இருக்கிறார் என்று கையை நீட்டினேன்.