நூறு வயது வாழச் சொன்னார்கள், கோமதி

அன்புக் கிறுக்கி கோமதிக்கு,

இன்று உன் பிறந்தநாள். நீ போன பிறகு வரும் முதல் பிறந்தநாள். மலையில் விடிந்ததிலிருந்து தூறல். பனிமூட்டத்தில் எதிரே வருவது பஸ்ஸா மாடா என்றுகூடத் தெரியவில்லை. ஆபீஸில் உன் நாற்காலிக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்துவிட்டார். குளிருக்குக் காதைப் பொத்திக்கொண்டே பைல் பார்க்கிறார்.

நம் சூப்பிரண்டு சார் ஆபீஸ் குரூப்பில் தினமும் காலையில் ‘இன்றைய நாள்’ என்று போடுவாரே, அது மட்டும் நிற்கவில்லை. இன்று உலகத்துக்கு என்ன தினம், வரலாற்றில் என்ன நடந்தது, எந்தத் தலைவர் பிறந்தார், எவர் இறந்தார், கடைசியில் நம் ஆட்களில் யாருக்குப் பிறந்தநாள். நாம் சேர்ந்து தங்கியிருந்த வாடகை அறையில் பல் விளக்கிக்கொண்டே நீ அதைச் சத்தமாகப் படிப்பாய். நான் சிரித்துச் சிரித்துப் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

இன்று உலக முட்டை தினமாம். அதுவும் புரட்டாசி வெள்ளிக்கிழமையில்! நாமக்கல்லில் பாதிப் பேர் முட்டையைத் தொடாத மாதம். நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பாய். அதற்குக் கீழே ஏதோ நாட்டில் ரயில் விட்ட கதை. அதற்கும் கீழே உன் பெயர், கேக் படத்தோடு. ‘நோய் நொடியின்றி நூறு வயது வாழ்க.’

போன வருஷம் போட்ட வாழ்த்தை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறார் மனுஷன். தலைவர்களுக்குத்தான் பிறந்த நாளும் இறந்த நாளும். நம்மைப் போன்றவர்கள் செத்தால் அவரிடம் இடம் கிடையாது. அதனால் நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய்.

சரி, அவர் தூக்கக் கலக்கத்தில் போட்டார். மற்றவர்களுக்கு என்ன கேடு? வரிசையாக வந்து விழுந்தது வாழ்த்து. ஆடியில் பலாப்பழ லாரிக்கு அடியிலிருந்து உன்னை எடுத்தபோது கூட நின்ற நம் ஆபீஸ் ஜீப் டிரைவர் அண்ணன் கேக் அனுப்புகிறார். உனக்கு மாலை போட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுத டைப்பிஸ்ட் அக்கா பூங்கொத்து அனுப்புகிறாள். ஒருத்தராவது பெயரைப் படித்தார்களா? படித்தும்தான் அனுப்பினார்களா?

அப்புறம் உன் நம்பரிலிருந்து ஒரு கும்பிடு படம் வந்தது.

அவ்வளவுதான், குரூப்பில் ஈ காக்காய் இல்லை. டைப்பிஸ்ட் அக்கா மேஜை மேலிருந்த சாமி படத்துக்குச் சூடம் கொளுத்தினாள். டிரைவர் அண்ணன் ஜீப்புக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். உன் போன் உன் அம்மாவிடம் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். காரியம் முடிந்த அன்று சார்ஜரோடு கொடுத்தவளே நான்தானே.

விஷயத்தைச் சொன்னதும் சூப்பிரண்டுக்கு உயிர் வந்தது. “ஆபீஸ் விசயமெல்லாம் அதுல வருதும்மா. வெளியாள் கையில இருக்கலாமா? நீ போயி பக்குவமாச் சொல்லி, அந்தம்மாவை குரூப்பை விட்டு வெளியேறச் சொல்லிரு.”

“நீங்க போட்ட வாழ்த்துக்கு என்னங்க சார் சொல்றது?”

“மனுசன்னா தப்பு வரத்தாம்மா செய்யும்,” என்று பைலைத் திறந்துகொண்டார். நான் பேசிவிட்டு வரும்வரை எதுவும் செய்யாதீர்கள் என்று கேட்டேன். தலையாட்டினார்.

பஸ் பிடித்து உன் ஊரான பேளுக்குறிச்சிக்கு இறங்கினேன். உன் அம்மா வாசலிலேயே நின்றாள். நீ போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்று சிரித்தாள்.

“வா கண்ணு. எம்புள்ளைக்கு எத்தன கேக்கு வந்திருக்குது பாரு! எனக்கு எங்க படிக்கத் தெரியும், அவ பேரு ஒண்ணுதான் தெரியும். அது அவ எழுதிக் காட்டுனது. எல்லாத்துலயும் அவ பேரு இருக்குது. காரியத்துக்கப்புறம் இந்த ஊட்டுப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. மறந்துட்டாங்கன்னு நெனச்சுப்போட்டேன். மறக்கல பாரு.”

வந்த காரியத்தை அப்படியே விட்டேன். அவள் குரூப்பிலேயே இருக்கட்டும், சூப்பிரண்டோடு நான் சண்டை போட்டுக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

“கும்புடு மட்டும் பத்தாது. வாயால ஒரு வார்த்த நன்றி சொல்லிப்போடறேன். எதுல பேசறதுன்னு காட்டு சாமி,” என்று போனை நீட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, தொண்டையைச் செருமித் தயாரானாள்.

குரூப்பைத் திறந்தேன். மைக் இருக்கவேண்டிய இடத்தில், நீ இந்தக் குழுவில் இல்லை என்று ஒரு வரி. நீக்கிவிட்டார்கள் கோமதி. நான் மலை இறங்குவதற்குள் நீக்கிவிட்டார்கள். சூப்பிரண்டின் வழுக்கைத் தலையில் ஓங்கிப் போடவேண்டும் போலிருந்தது.

“என்ன கண்ணு, பேசலாமா?”

“டவர் இல்லீங்கம்மா.”

“மலை மேலதான் டவரு இருக்காதும்பா அவ. இங்கியுமா?” கொஞ்சம் யோசித்தாள். “செரி, வரட்டும். நான் எங்க போகப்போறேன்?”

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கிளம்பும்போதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இதை எழுதும்போதும் உட்கார்ந்திருப்பாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக் காலையில் உன் பெயரில் புதிதாக ஒரு குரூப் தொடங்குகிறேன். உன் அம்மாவும் நானும் மட்டும்தான் அதில். டவர் வந்துவிட்டது, பேசுங்கள் என்பேன். அத்தனை பேருக்குமான நன்றியை நானே கேட்டுக்கொள்கிறேன். வருஷா வருஷம் இதே நாளில் கேக் படம் போட்டு, உன் பெயரைப் பெரிதாக எழுதி, நூறு வயது வாழச் சொல்லி உனக்கு அனுப்புவேன். நானாவது தெரிந்தே அனுப்புவேன்.

உன் அம்மாவிடம் இன்றிலிருந்து பொய் சொல்லப்போகிற உன் அக்கா,
சரசு