பொப்கேவுக்கு வந்த பால் காய்ச்சல்

அன்பு மகள் நீன்கேவுக்கு,

இங்கே நான், அப்பா, மாடுகள் எல்லோரும் சுகம். நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதல் புல்லறுப்பு முடிந்தது, மழை அதுவரை பொறுத்துக்கொண்டது. நம் எலிபிடி நாய் பொப்கே ஏழு குட்டி போட்டிருக்கிறாள். உன் நாயும் சினை என்றாயே, அதனால் இங்கே நடந்ததை எழுதுகிறேன், பயப்படாதே, இப்போது எல்லாம் நலம்.

பொப்கே சினையானதிலிருந்து அப்பா அவள் சாப்பாட்டில் கால்சியம் மாவைக் கலந்துகொண்டே இருந்தார். "இத்தனூண்டு உடம்பு, எலும்பு கரைஞ்சிடும் பாரு" என்பார். குட்டிகளுக்கு மூன்றாவது வாரம் நடக்கும்போது, போன செவ்வாய் காலைக் காப்பி வேளையில், பொப்கே குட்டிகளை விட்டுவிட்டு வந்து மூச்சிரைக்கச் சமையலறையைச் சுற்றினாள். கால்கள் விறைத்துப் போயிருந்தன, பிறகு உடம்பெல்லாம் நடுங்கியது. பால் கொடுக்கும்போது ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடுமே, அந்தப் பால் காய்ச்சலோ என்றேன். அப்பா காதைத் தொட்டுப் பார்த்து, "கொதிக்குது. பால் காய்ச்சல்னா காது சில்லுன்னுல்ல இருக்கும்? நாப்பது வருசமா மாடு பாக்கிறவனுக்கு நீ சொல்லித் தர்றியா?" என்றார். மாட்டுக்கு அது சரிதான். அதற்குள் பொப்கே சாய்ந்துவிட்டாள். கால்நடை டாக்டர் ரென்ஸ்கேவுக்குப் போன் போட்டேன். "பால் காய்ச்சலேதான், நாய்க்கு உடம்பு கொதிக்கும்" என்றாள். அதைக் கேட்டதும் அப்பா தொழுவத்துக்கு ஓடி, மாட்டுக்குப் போடும் கால்சியம் பாட்டிலும் ஊசியுமாக வந்தார். நான் அதைச் சொன்னதும் ரென்ஸ்கே போனிலேயே அப்பாவைப் பார்த்துக் கத்துவதுபோலக் கத்தினாள்: "ஹில்கே மாமா, அதக் கீழ வைங்க! இதயம் நின்னுடும். குட்டிங்கள விட்டுட்டு அவள மட்டும் தூக்கிட்டு வாங்க!"

ஆஸ்பத்திரியில் ரென்ஸ்கே நரம்பில் மருந்தை மெல்ல மெல்ல இறக்கி, இதயத்துடிப்பைக் கேட்டபடியே இருந்தாள். அப்பா தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். நடுக்கம் அடங்கி பொப்கே தலையைத் தூக்கியபோதுதான் உட்கார்ந்தார். சினையில் என்ன கொடுத்தீர்கள் என்று ரென்ஸ்கே கேட்க, மாவைச் சொன்னார். "ஈனப்போற மாட்டுக்குக் கால்சியத்தக் கூட்டிக் குடுப்பீங்களா மாமா?" என்றாள். "யாராவது குடுப்பாங்களா? அப்பக் குறைக்கணும். வெளியேருந்து கிடைச்சுக்கிட்டே இருந்தா, எலும்புலேர்ந்து எடுக்கறத உடம்பு மறந்துடும், அப்புறம் பால் இறங்கும்போது..." என்று ஆரம்பித்த அப்பா பாதியிலேயே நிறுத்திவிட்டார். ரென்ஸ்கே ஊசியைக் கழற்றினாள்.

இப்போது குட்டிகளுக்குப் புட்டிப்பால். பொப்கேவுக்கு டாக்டர் சொன்ன அளவில் கால்சியம், பால் சுரக்கும் காலத்தில் அது வேண்டும். உன் நாய்க்குச் சினைக்காலத்தில் நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் நல்ல தீவனமே போதும், டாக்டர் சொல்லாமல் மாவும் மாத்திரையும் வேண்டாம். ஈன்ற பிறகு மூச்சிரைப்போ விறைத்த நடையோ கண்டால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதே, இதை மறக்காதே. கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார். "யாருக்கும் வர்ற தப்புதான்னு டாக்டர் சொன்னதையும் எழுது" என்கிறார். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா வித்ஸ்கே