நகப்பூச்சு தானாக உரியவில்லை

கண்ணு,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போ. சாவி செருப்பு அலமாரி மேல்.

அழகுக்கலை வகுப்புக்காக என் விரல்களில் நீ போட்ட நகப்பூச்சு ஒரு வாரம் நிற்க வேண்டும், இன்று டீச்சரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தாய். ஆறாம் நாளே தானாக உரிந்துவிட்டது என்று நேற்று சொன்னேன். அது பொய். பட்டறையில், "என்ன மேஸ்திரி, வளையல் வாங்கலையா?" என்று சிரித்தார்கள். பெயிண்ட் தின்னர் ஊற்றி நானே துடைத்தேன். "இந்த வேலை எனக்குக் கைவராதுப்பா" என்று நீ அழுதபோதும் வாயைத் திறக்கவில்லை. உன் முகத்தைப் பார்க்கக் கூசித்தான் விடியும் முன்பே கிளம்பிவிட்டேன்.

உன் வேலையில் குறையில்லை. இந்தச் சீட்டை டீச்சரிடம் காட்டு.

அப்பா

இன்னொன்று: பதினொரு மணிக்கு உன் வகுப்புக்கு நானே வருகிறேன். மறுபடி பூசு, அதே சிவப்பு. பட்டறையில் கையுறை போட்டு மறைக்க மாட்டேன்.